செல்போனுக்குக் கெட்டி கவர்... மலைத்தோட்டத்துக்கு எது சரிப்படும்?

ஜூன் பிறந்துவிட்டால் கூடலூர், பந்தலூர் பக்கம் குடையை மடக்க முடியாது. குந்தா, அவலாஞ்சி பக்கம் கேட்கவே வேண்டாம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்தப் பக்கம் ஓய்ந்தால், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மார்கழி, தையில் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி. இதற்கு நடுவே, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்கு உள்ளேயோ, ஸ்வெட்டர் பாக்கெட்டிலோ ஒரு செல்போனும் தோட்டத்துக்கு வந்து போகிறது.

இன்றைக்கு அந்த போனில் இருப்பது வெறும் பேச்சு மட்டும் இல்லை. கொழுந்து எடை, தொழிற்சாலைக் கணக்கு, வங்கியில் பணம் ஏறிய குறுஞ்செய்தி, ஓ.டி.பி, மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலை எல்லாம் அதில்தான். கேரட், பீட்ரூட் போட்டவர்களுக்கு மேட்டுப்பாளையம் மண்டி நிலவரம் அதில்தான் வருகிறது. ‘உழவன்’ செயலி, வானிலை எச்சரிக்கை, பிள்ளைகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவும் அதே போனில்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரே நல்ல போன் என்றிருக்கும் வீடுகளில், அது நின்றுபோனால் ஒரு வாரத்துக்குக் கை ஒடிந்த மாதிரிதான்.

அதனால்தான் ‘கெட்டியான கவர் போட்டுவிடலாம்’ என்று பலரும் கடைக்குப் போகிறார்கள். அங்கே தடித்த ரப்பர் மூலைகளோடு, முன்னும் பின்னும் மூடிய, ‘மிலிட்டரி கிரேடு’ என்று எழுதிய கவர்கள் தொங்குகின்றன. பார்த்தால் நம்பிக்கையாகத்தான் இருக்கும். ஆனால், அதை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் வேலை பார்க்க முடிகிறதா என்பதை யாரும் கடையில் சோதித்துப் பார்ப்பதில்லை. ஈரக் கையில் ஸ்விட்ச் அமுங்காமல், மணி அடித்தது கேட்காமல் போய், ‘இது தொல்லை’ என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால், அந்தக் கவர் எதைக் காப்பாற்றியது?

அட்டையில் எழுதியிருப்பது என்ன சொல்கிறது?

‘மிலிட்டரி கிரேடு’ என்பதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘மில்-எஸ்.டி.டி 810’ என்று ஓர் எண் இருக்கும். அது அமெரிக்க ராணுவம் தன் கருவிகளுக்காக வகுத்த சோதனை முறை. அதில் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையும் ஒன்று. 4 அடி உயரத்திலிருந்து 26 தடவை போட வேண்டும். ஆறு பக்கம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை என்று கணக்கு. கான்கிரீட் மேல் விரித்த ஒட்டுப்பலகையில்தான் போடுவார்கள். 26 தடவையையும் ஒரே கருவி தாங்க வேண்டும் என்பதும் இல்லை, ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். ராணுவம் எந்த கவருக்கும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. கம்பெனியே சோதித்துக்கொண்டு, கம்பெனியே எழுதிக்கொள்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், கருங்கல் படிக்கட்டில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதமும் அதில் இல்லை. முக்கியமாக, இந்த விழும் சோதனைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே கிடையாது.

தண்ணீருக்கு வேறு எண். ‘ஐ.பி 67’, ‘ஐ.பி 68’ என்று இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். 68 என்றால் அதற்கும் மேல். எவ்வளவு என்பதைக் கம்பெனி சொல்ல வேண்டும். 54 போன்ற எண்ணில் வரும் 4, தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். இந்தச் சோதனை புதுப் பொருளில், சுத்தமான நல்ல தண்ணீரில் நடப்பது. சோப்புத் தண்ணீர், வியர்வை, மருந்துக் கரைசல் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. இரண்டு வருஷம் ஓடிய போனில் ஓரங்களிலிருக்கும் ரப்பரும் பசையும் தளர்ந்திருக்கும். ஒரு தடவை ஸ்கிரீன் மாற்றியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுவது நல்லது. 68 எண் போட்ட போனாக இருந்தாலும், தண்ணீர் புகுந்து கெட்டால் பொதுவாக வாரன்டி கிடையாது. உள்ளே தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சிறு ஸ்டிக்கர் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

மலையில் பெரிய எதிரி ஈரம்

தேயிலைத் தோட்டத்தில் போன் கை தவறினால் பெரும்பாலும் மண்ணிலோ சருகிலோதான் விழும். தார் ரோடு, கல் படி, லாரித் தொட்டி இவைதான் ஆபத்தான இடங்கள். அதற்கு மூலைகள் கொஞ்சம் தடித்த, ஸ்கிரீனைவிட ஓரம் சற்று எழும்பி நிற்கிற சாதாரண மென்ரப்பர் கவரே பெருமளவு போதும். ஆனால், ஈரம் தினமும் இருக்கிறது. அதில் கெட்டி கவர் சில நேரம் உதவாமல் உபத்திரவமாகவும் ஆகிறது.

எப்படி என்றால், முன்னும் பின்னும் இறுக மூடும் கவர்களில் பலவற்றுக்கு ஐ.பி எண்ணே இருக்காது. சார்ஜர் துவாரம், ஸ்பீக்கர் துவாரம் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கியது வெளியே வர வழி இருக்காது. வெறும் போனாக இருந்தால் முந்தானையில் துடைத்துவிட்டுப் போகலாம். கவருக்குள் போன தண்ணீர் மூன்று நாள் அங்கேயே நிற்கும். கூடவே மண் துகளும் சேர்ந்துகொண்டால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி போனின் முதுகு ஆகிவிடும். கெட்டி கவர் போட்டவர்கள் வாரம் ஒரு தடவையாவது அதைக் கழற்றி, இரண்டையும் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட வைக்க வேண்டும். கழற்றவே கஷ்டமான கவர் என்றால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். எனவே, வாங்கும்போதே கையால் கழற்றி மாட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மழையே படாமலும் போன் நனையும். குளிர்ந்த தோட்டத்திலிருந்து வந்து, அடுப்பு எரியும் சமையலறைக்குள் போனை எடுத்தால் கண்ணாடி மேல் முத்து முத்தாக நீர் கோக்கிறதல்லவா? அதேபோல கேமரா கண்ணாடிக்கு உள்பக்கமும் கோக்கலாம். வீட்டுக்குள் வந்ததும் போனை வெளியே எடுக்காமல், பவுச்சில் மூடியபடியே கால் மணி நேரம் வைத்திருந்து, வீட்டுச் சூட்டுக்கு அது வந்தபிறகு திறந்தால் இந்தத் தொல்லை குறையும்.

காற்றுப் புகாத பெட்டி மாதிரியான கவர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் அடிவாரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதுதான் காரணம். கீழே, புழுக்கத்தில் இறுக மூடிய பெட்டிக்குள் ஈரக்காற்றும் சேர்ந்தே அடைபடும். மேலே வந்து குளிர்ந்ததும் அந்த ஈரம் உள்ளேயே நீராகி, போன் மேல் படியும். திரும்பிக் கீழே இறங்கும்போது மூடி இறுகி, திறக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே, போன், பவர் பேங்க், சார்ஜரைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகிறவர்கள் மேலே வந்ததும் ஒருமுறை திறந்து மூட வேண்டும். மருந்துப் புட்டி, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு வைக்கலாம். குழந்தைகள் கையில் மட்டும் சிக்கக் கூடாது.

கடையில் ஐந்து நிமிடம்

பணம் கொடுப்பதற்கு முன்னால் கவரை உங்கள் போனில் மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் தடுக்க மாட்டார். விரலைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஒரே கையால் பக்கவாட்டு ஸ்விட்ச்சை அமுக்குங்கள். கெட்டி கவர்களில் ஸ்விட்ச் மேல் தடித்த ரப்பர் மூடி இருக்கும். குளிரில் விறைத்த கட்டைவிரலுக்கு அது அகப்படாது. ஓரத்திலிருந்து விரலை இழுத்து முந்தைய பக்கத்துக்குப் போகிற வகை போன் என்றால், கவரின் உயர்ந்த விளிம்பு விரலைத் தடுக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டு சார்ஜர் பின்னைக் கொண்டுபோய் முழுக்க உள்ளே இறங்குகிறதா என்று சொருகிப் பார்ப்பது அவசியம். பாதி இறங்கிய பின் சூடாகும். நாளடைவில் துவாரமும் தளரும்.

பிறகு யாரையாவது கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். உங்கள் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்கிறதா? பத்தடி தள்ளி வைத்துவிட்டு மணி அடிக்கச் செய்யுங்கள். ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் இருக்கும் போன்களில், கவரின் துவாரம் சற்று விலகியிருந்தாலே சத்தம் பாதியாகிவிடும்.

இந்தச் சத்த விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே மாதிரி தேயிலை மலையான கோவை மாவட்டம் வால்பாறையில், யானை எங்கே நிற்கிறது என்பதை ஊர் மக்களுக்கு செல்போன் குறுஞ்செய்தியாகவும், போன் மூலம் எரியவிடும் சிவப்பு விளக்காகவும் தெரிவிக்கும் ஏற்பாடு பல வருஷமாக நடக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் இந்தப் பணிக்காக 2015-ம் வருஷம் விட்லி விருது பெற்றார். கூடலூர், பந்தலூர் பக்கமும் யானை வந்த சேதி ஊருக்கு ஊர் போன் வழியாகத்தான் பரவுகிறது. மண்சரிவு, கனமழை எச்சரிக்கையும் அப்படித்தான். சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்புகிறவருக்கு அந்த ஒரு மணிச் சத்தம் கேட்காமல் போனால், பின்னர் ஸ்கிரீன் உடையாமல் இருந்து என்ன பிரயோசனம்?

அடுத்தது கேமரா. தேயிலையில் கொப்புள நோய் ஆரம்பத்தில் இளங்கொழுந்தில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி, ஒளி ஊடுருவுகிற சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். அது வருவதும் மழை மேகம் மூடிய, வெளிச்சம் குறைந்த நாட்களில். அதைக் கிட்டத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினால்தான், குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்ல முடியும். கேமராவைச் சுற்றி உயர்ந்த விளிம்பும், ஃபிளாஷ் பக்கத்தில் பளபளப்பான பிளாஸ்டிக்கும் உள்ள கவர்களில், ஃபிளாஷ் போட்டால் வெளிச்சம் சிதறிப் படம் வெளுத்துப்போகும். கடையிலேயே உள்ளங்கை ரேகையை ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கேமராவையும் மூடும் பிளாஸ்டிக் தகடு வைத்த கவரைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒரு மாதத்தில் அது கீறல் விழுந்து மங்கிவிடும்.

கடைசியாக நிறம். இதை யாரும் யோசிப்பதில்லை. கருப்பு, பச்சை கவர் போட்ட போன் தேயிலைச் செடிக்குள் நழுவி விழுந்தால், அது சைலன்ட்டிலும் இருந்தால், நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். செடிகள் இடுப்பளவுக்கு மேசை மாதிரிப் படர்ந்திருக்க, அடியில் இருட்டு. ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு எடுங்கள். அழகுக்கு இல்லை, கண்ணில் படுவதற்கு. கயிறு கோக்க ஒரு துளை இருந்தால் இன்னும் நல்லது. சரிவில் குனியும்போது மேல் பாக்கெட்டிலிருந்து விழாது. ஆனால், கவாத்து மெஷின், கொழுந்து அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர்கள் கழுத்தில் எந்தக் கயிறும் போடக் கூடாது.

அப்படியானால் எதை வாங்குவது?

சிறு தேயிலை விவசாயிக்கும் கொழுந்து எடுப்பவருக்கும் விலை உயர்ந்த கெட்டி கவர் தேவைப்படாது. அன்றாடத்துக்கு மூலை தடித்த மென்ரப்பர் கவர், மழைக்காலத்துக்கு வாயை மடித்துப் பூட்டுகிற, முன்பக்கம் தெளிவான வாட்டர்ப்ரூஃப் பவுச். இந்த இரண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் வழியாகத் தொடுதிரை நன்றாகவே வேலை செய்யும். பவுச் மேல் மழைத்துளி நின்றால்தான் தானாக அங்கே இங்கே அமுங்கும். துடைத்துவிட்டுத் தொட வேண்டும். கைப்பிடிப் பையில் சுற்றி வைக்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அந்தப் பைக்கு தமிழகம் முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை, நீலகிரியில் அதற்கு வெகு முன்பே தடை. போதாக்குறைக்கு, சுற்றி வைத்த பையை அவிழ்ப்பதற்குள் அழைப்பும் நின்றுவிடும்.

பவுச் வாங்கியதும் உடனே போனைப் போடாதீர்கள். உள்ளே ஒரு துண்டு நியூஸ்பேப்பரை வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் கல் வைத்து அரை மணி நேரம் முக்கி வையுங்கள். காகிதம் நனையாமல் இருந்தால் சரி. மடிப்பு வாய் தேய்ந்துகொண்டே போகும் என்பதால், ஒவ்வொரு பருவமழை தொடக்கத்திலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

முன்பக்கம் பிளாஸ்டிக் படலத்தோடு வரும் முழு மூடல் கெட்டி கவர், லாரியில் காய்கறி ஏற்றுகிறவர்கள், கேரட் கழுவும் இடத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள், பைக்கில் காட்டுப் பாதையில் போகிறவர்களுக்குப் பொருந்தும். அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பைக் கைப்பிடியில் போனை மாட்டுவதால் வரும் அதிர்வு, சில போன்களின் கேமராவைக் கெடுக்கும். ஆப்பிள் நிறுவனமே 2021-ல் இதை எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கெட்டியான கவரும் இந்த அதிர்வைத் தடுக்காது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் போன் சட்டைப் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

மருந்து அடிக்கும் நாளில் கவர் எதுவானாலும் போன் தள்ளியே இருக்க வேண்டும். எண்ணெய்ப் பதத்தில் வரும் பல பூச்சிமருந்துகளில் கலந்துள்ள கரைப்பான், கெட்டி கவர் செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும். அதைவிடப் பெரிய விஷயம், மருந்துக் கையோடு எடுத்த போன் காதுக்கும் கன்னத்துக்கும் போகிறது. சாயங்காலம் அதையேதான் குழந்தை வாங்கி விளையாடுகிறது. பவுச்சில் இருந்தால் பவுச்சைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

போனுக்குச் சொன்னது எல்லாமே மற்ற கருவிகளுக்குப் பொருந்தாது. தேயிலை மண்ணின் கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும் என்பதால் சிலர் கையடக்க பி.ஹெச் மீட்டர் வைத்திருக்கிறார்கள். அதன் கெட்டிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு உலர்த்திவிடக் கூடாது. நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழ் காய்ந்தால் அளவு தப்பும். அதற்கென்று தரும் கரைசலில் சில சொட்டு மூடிக்குள் விட்டு வைக்க வேண்டும். தொங்கவிடும் எலெக்ட்ரானிக் தராசைப் பெட்டியில் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். வியாபாரத் தராசு என்றால், அதன் முத்திரையைக் கவர் போட்டு மறைப்பதும் சிதைப்பதும் சிக்கலில் விடும்.

வாசகர்கள் கேட்கும் சில கேள்விகள்

நனைந்த போனை அரிசியில் போடலாமா?

வேண்டாம். அரிசியின் தூளும் மாவும் துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனம் 2024-ல் இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்லிவிட்டது. உடனே போனை அணைத்து, கவரைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, சார்ஜர் துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் ஒருநாள் விடுங்கள். அடுப்புத் திண்ணையில் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் கெடுதல். முழுக்கக் காயும்வரை சார்ஜ் போடக் கூடாது.

உறைபனிக் காலத்தில் சார்ஜ் சட்டென்று இறங்குகிறதே, கெட்டி கவர் போட்டால் சரியாகுமா?

கவர் குளிர் ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். குளிரில் லித்தியம் பேட்டரி மந்தமாவது இயல்பு; சூடு வந்ததும் பெரும்பாலும் மீண்டுவிடும். விடிகாலையில் உறைபனிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் போனை உள்சட்டைப் பாக்கெட்டில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்துபோன போனை அப்படியே சார்ஜில் போட்டால் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் வரும். வீட்டுக்குள் வந்து சற்று நேரம் கழித்துப் போடுங்கள். அப்படிச் சார்ஜ் போடும்போது போன் கைக்குச் சுடுகிற மாதிரி இருந்தால் தடித்த கவரைக் கழற்றிவிடுங்கள்.

பவுச்சுக்குள் இருந்தால் கைரேகை வேலை செய்வதில்லையே?

செய்யாது. கொழுந்து பறித்துக் கறை ஏறி, தோல் தேய்ந்த விரலுக்கு வெறும் போனிலேயே அடிக்கடி தகராறு செய்யும். மழைக்காலத்துக்கு மட்டும் எண் பூட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறந்த வருஷத்தை எண்ணாக வைக்காதீர்கள். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கட்டும். நீங்கள் தோட்டத்தில் வழுக்கி விழுந்துவிட்டால், உங்கள் போனிலிருந்து அவர் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும்.